பழைய பிக்கப் வண்டியை நெடுந்தூரம் இழுத்துச் செல்லுதல்

தன் எஞ்சினால் ஓட இயலாத மோட்டார் வண்டியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்ல மூன்று வழிகள் உள்ளன. முழு வண்டியையும் லாரியிலோ டிரெயிலரிலோ ஏற்றிச் செல்வது முதல் வழி. கயிறு, சங்கிலி அல்லது இரும்புத் தண்டு கொண்டு, நான்கு சக்கரங்களும் தரையில் உருளும்படி இழுப்பது இரண்டாவது வழி. முன் சக்கரங்களை மட்டும் தரையினின்று உயர்த்தி, பின் சக்கரங்கள் உருளும்படி இழுப்பது மூன்றாவது வழி. இம்மூன்றாவது வழிக்கென அமைந்த இருசக்கரச் சாதனமே 'டாலி' எனப்படுவது.

டாலியின் பயன் வட அமெரிக்காவில் மிகுதி. அக்கண்டத்தின் வடபகுதிகளில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் உப்புத் தூவுகின்றனர். அதனால் வண்டிகளின் அடிச்சட்டம் விரைவில் துருப்பிடிக்கின்றது. அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலங்களிலோ நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வெட்டவெளியில் நின்ற வண்டியின் இரும்பும் பெரும்பாலும் கெடாமல் இருக்கக் காணலாம். ஆகவே 1947 முதல் 1955 வரை விற்பனையான செவர்லே பிக்கப், 1953இல் வெளிவந்த ஃபோர்டு எஃப்-100 போன்ற பழைய வண்டிகளைத் தென்மேற்கில் வாங்கி, ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவு இழுத்துச் செல்வோர் பலர். வண்டி முழுவதையும் சுமக்கும் டிரெயிலரைக் காட்டிலும் டாலி எடை குறைந்தது, வாடகையும் குறைவு.

இந்தியாவில் டாலி அருகியே காணப்படினும், பழுதுற்ற ஜீப் அல்லது பிக்கப்பின் முன்பகுதியைத் தூக்கி இழுத்துச் செல்லும் மீட்பு வண்டிகள் எங்கும் உண்டு. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. ஆகையால் டாலியின் இயல்பை அறிவது, வெளியூர்ப் பணியில் வண்டியை நம்பி வாழும் ஊழியருக்கும், விசை, ஆற்றல், உராய்வு ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் ஒருங்கே பயனளிக்கும்.

இதில் முதலில் உணர வேண்டுவது ஒன்றுண்டு. டாலியின் மேல் முன் சக்கரங்களை ஏற்றிய வண்டி, சரக்கைப் போல அசையாமல் கிடப்பதன்று. அதன் பின்பாதி வழி முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கின்றது. ஓடும் உறுப்புக்கு எண்ணெய் வேண்டும். ஓடும் பொருளை நிறுத்தத் தடுப்பு வேண்டும். நெடுந்தூர இழுவையில் நேரும் சேதங்களும் விபத்துகளும் பெரும்பாலும் இவ்விரண்டையும் மறப்பதால் விளைவனவே.

டாலியின் அமைப்பு

டாலி என்பது ஓர் அச்சும் இரு சக்கரங்களும் உடைய தாழ்ந்த வண்டி. அதன் முன்புறத்தில் நீண்ட இழுதண்டு உண்டு. இழுக்கும் வண்டியின் பின்னுள்ள இரும்புக் குண்டின் மீது இத்தண்டின் முனையிலுள்ள கிண்ணம் கவிந்து பூட்டப்படுகின்றது. குண்டின் அளவும் கிண்ணத்தின் அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சிறிய குண்டின் மீது பெரிய கிண்ணம் பூட்டியது போலத் தோன்றினும், சாலைக் குலுக்கலில் கழன்றுவிடக்கூடும். இதற்குக் காப்பாக இரு சங்கிலிகள் இழுதண்டின் அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து மாட்டப்படுகின்றன. பூட்டு கழன்றாலும், குறுக்கிட்ட சங்கிலிகள் தொட்டில் போல் இழுதண்டைத் தாங்கி, அது தரையில் குத்தாமல் காக்கும்.

டாலியின் மேல் இரு தட்டுகள் உள்ளன. பிக்கப்பின் முன் சக்கரங்கள் இவற்றில் ஏறி அமர்ந்தபின், வலுவான பட்டைகள் டயரின் மேலாகச் சுற்றி இறுக்கப்படுகின்றன. சில டாலிகளில் தட்டுகள் ஒரு நடுமுளையைப் பற்றித் திரும்பும். இவற்றில் பிக்கப்பின் ஸ்டியரிங் நேராக நிறுத்திக் கட்டப்பட வேண்டும். வேறு சிலவற்றில் தட்டு திரும்பாது. ஆகையால் ஸ்டியரிங்கைத் தளர விட வேண்டும். எது எவ்வகை என்பதைச் செய்தவரின் குறிப்பைப் படித்தே துணிதல் வேண்டும்.

டயர்ப் பட்டைகள் ஓடத் தொடங்கியதும் சிறிது தளர்வது இயல்பு. எனவே முதல் எட்டு அல்லது பத்துக் கிலோமீட்டரில் ஒரு முறையும், பின்னர் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு ஒரு முறையும் நிறுத்தி இறுக்குதல் நன்று.

கியர்ப் பெட்டிக்கு நேரும் கேடு

பழைய பிக்கப் வண்டிகளில் எஞ்சின் முன்னே இருப்பினும், அதன் விசை பின் சக்கரங்களையே சுழற்றுகின்றது. எஞ்சினுக்குப் பின் கிளட்ச், அதன்பின் கியர்ப் பெட்டி, அதன்பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எனப்படும் நீண்ட தண்டு, இறுதியில் பின் அச்சின் டிஃபரன்ஷியல் என்பது அமைப்பு வரிசை. வண்டியை இழுக்கும்போது இவ்வரிசை தலைகீழாக இயங்குகின்றது. தரையில் உருளும் பின் சக்கரங்கள் டிஃபரன்ஷியலைச் சுழற்ற, அது நீண்ட தண்டைச் சுழற்ற, அத்தண்டு கியர்ப் பெட்டியின் பிரதான தண்டைச் சுழற்றுகின்றது.

கியரை நியூட்ரலில் வைத்தால் கேடில்லை என்று பலர் கருதுவர். நியூட்ரலில் எஞ்சின் சுழலாது என்பது உண்மையே. ஆயினும் பெட்டிக்குள் நிகழ்வது வேறு. பெட்டியின் அடியில், எண்ணெயில் தோய்ந்தவாறு லே ஷாஃப்ட் என்னும் துணைத் தண்டு உள்ளது. எஞ்சின் ஓடும்போது இத்தண்டின் பற்சக்கரங்கள் எண்ணெயை வாரி மேலே தெளிக்கின்றன. மேலுள்ள பிரதான தண்டும், அதன் பேரிங்குகளும், புஷ்களும் அவ்வெண்ணெயால் உயிர் வாழ்கின்றன. எஞ்சின் நின்றுவிட்டால் துணைத் தண்டும் நின்றுவிடுகின்றது; எண்ணெயும் அடியிலேயே தங்கிவிடுகின்றது. பிரதான தண்டு மட்டும் சாலை வேகத்திற்கேற்ப விரைந்து சுழல்கின்றது. முன்பு ஒட்டியிருந்த எண்ணெய்ப் படலம் சிறிது தூரம் காப்பளிக்கும். அது தீர்ந்தபின் உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறும், தேயும், சில வேளை இறுகிப் பற்றிக்கொள்ளும்.

தானே கியர் மாற்றும் பெட்டிகளிலும் நிலைமை இதுவே. அவற்றின் எண்ணெய்ப் பம்பு பொதுவாக எஞ்சினால் இயங்குவது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். சில கைநூல்கள் குறைந்த வேகத்தில் சிறு தொலைவு இழுக்க இடமளிக்கின்றன. அதனை நெடுந்தூரத்திற்கும் உரிய அனுமதியாகக் கொள்ளலாகாது.

பெட்டியின் கேடு வெளியே தெரிவதில்லை என்பதே இதிலுள்ள இடர். இழுக்கும் ஓட்டுநருக்கு ஒலியோ அதிர்வோ எட்டாது. உதிரி உறுப்புகள் கிடைப்பதற்கரிய பழைய வண்டியில், ஒரு நாள் பயணம் ஆண்டுகள் பல உழைத்த பெட்டியைப் பாழாக்கிவிடக்கூடும்.

தண்டைக் கழற்றுதல்

இதற்கு மாற்று எளியது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் பின் சக்கரங்களுக்கும் கியர்ப் பெட்டிக்கும் தொடர்பு அறும். டிஃபரன்ஷியல் மட்டும் சுழலும். அதன் பெரிய பற்சக்கரம் தன் எண்ணெயில் தானே தோய்ந்து சுழல்வதால், எண்ணெய் உரிய அளவில் இருக்கும்வரை அதற்குக் கேடில்லை.

கழற்றுவதில் நான்கு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, தண்டும் அது பொருந்தும் தட்டும் எந்நிலையில் இணைந்திருந்தன என்பதைப் பெயிண்ட் கோட்டால் குறித்துக்கொள்ள வேண்டும். மீண்டும் அதே நிலையில் பூட்டாவிடின் அதிர்வு உண்டாகலாம். இரண்டாவது, யுனிவர்சல் ஜாயிண்ட்டின் கிண்ணங்களை நாடாவால் சுற்றிக் கட்ட வேண்டும். இன்றேல் உள்ளிருக்கும் ஊசி உருளைகள் கொட்டிவிடும். மூன்றாவது, தண்டின் முன்முனை கியர்ப் பெட்டியினுள் நுழைந்து நிற்கும் வகையாயின், அதனை உருவியவுடன் எண்ணெய் வெளியே வடியும். அத்துளையைத் தக்க மூடியால் அடைக்க வேண்டும். நான்காவது, தண்டைக் கழற்றியபின் கியரில் போட்டு வைத்தாலும் வண்டி நில்லாது. பழைய ஜீப் வகைகள் சிலவற்றில் கைப்பிரேக்கும் பின் சக்கரங்களில் இன்றி, கியர்ப் பகுதியின் பின்முனையில் அமைந்துள்ளது. தண்டு நீங்கினால் அதுவும் பயனற்றுப் போகும். ஆகையால் தண்டைக் கழற்றுமுன் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை வைத்தல் இன்றியமையாதது. வண்டியின் அடியில் படுத்து வேலை செய்பவரின் உயிர் அக்கட்டைகளை நம்பியுள்ளது.

எல்லா வண்டியிலும் இம்முறை இயலாது. 1954 வரை செய்யப்பட்ட செவர்லே அரை டன் பிக்கப்புகளில் இத்தண்டு ஓர் இரும்புக் குழாய்க்குள் மூடப்பட்டு, பின் அச்சோடு ஒன்றாக இணைந்திருந்தது. அதனைக் கழற்றுவது பெரும் வேலை. அத்தகைய வண்டியை நான்கு சக்கரங்களும் மேலேறும் டிரெயிலரில் கொண்டு செல்வதே அறிவுடைமை.

முன்புறமா, பின்புறமா?

பின் சக்கரங்களை டாலியில் ஏற்றினால் கியர்ப் பெட்டியின் தொல்லை தீருமன்றோ என்னும் ஐயம் எழலாம். தீரும், ஆனால் வேறு தொல்லை தோன்றும். முன் சக்கரங்கள் திரும்பும் இயல்புடையவை. வண்டி முன்னோக்கி ஓடும்போது, அவை தாமே நேராகும்படி அவற்றின் அச்சுச் சாய்வு அமைக்கப்பட்டுள்ளது. பின்னோக்கி இழுக்கும்போது அதே சாய்வு அவற்றை நேர்நிலையினின்று விலக்க முயலும். மேலும் எஞ்சினின் எடை கடைக்கோடியில் சேர்வதால் வால் கனத்து, வண்டி இடமும் வலமும் ஊசலாடத் தொடங்கும். வேகம் கூடக்கூட அவ்வூசல் பெருகி, இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடக்கூடும். எனவே எஞ்சின் உள்ள முன்பகுதி டாலியின் மேலும், இலேசான பின்பகுதி தரையிலும் இருப்பதே முறை.

இதே காரணத்தால் பிக்கப்பின் சரக்குத் தொட்டியில் உதிரி எஞ்சின், கதவு, டயர் முதலியவற்றை ஏற்றிச் செல்லல் ஆகாது. பின் அச்சுக்கு அப்பால் வைக்கும் சுமை முன்பகுதியின் எடையைக் குறைப்பதோடு, ஊசலுக்கும் துணை செய்யும். ஊசல் தோன்றினால் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். திடீரெனப் பிரேக்கை அழுத்துவதோ ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புவதோ கூடாது.

நிறுத்தும் தொலைவு

இழுக்கும் வண்டியின் எடை 2,000 கிலோகிராம், பிக்கப் 1,600 கிலோகிராம், டாலி 250 கிலோகிராம் எனக் கொள்வோம். மொத்தம் 3,850 கிலோகிராம். இழுக்கும் வண்டி தனியே செல்லும்போது அதன் பிரேக், ஒவ்வொரு வினாடிக்கும் வேகத்தை வினாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைக்க வல்லது எனக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 23 மீட்டர் போதும். அதே தடுப்பு விசை இப்போது 3,850 கிலோகிராமை நிறுத்த வேண்டியிருப்பதால், தொலைவு 45 மீட்டராகின்றது. மணிக்கு 80 கிலோமீட்டராயின் இத்தொலைவுகள் முறையே 41, 79 மீட்டர் ஆகும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் வரை கடக்கும் தொலைவு இவற்றில் சேரவில்லை.

டாலியின் சக்கரங்களுக்கும் பிரேக் இருந்தால் நிலைமை பெரிதும் திருந்தும். பிக்கப்பின் முன்பகுதி எடை 900 கிலோகிராம் எனில், டாலியின் அச்சு தன் எடையோடு 1,150 கிலோகிராமைத் தாங்குகின்றது. அவ்வச்சும் அதே திறத்துடன் தடுக்குமாயின், மணிக்கு 60 கிலோமீட்டரில் நிறுத்தும் தொலைவு 45 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 28 மீட்டராகக் குறையும். இத்தகைய பிரேக்குகளுள் ஒரு வகை, டாலி முன்னோக்கி முட்டும் விசையாலேயே இயங்குவது. இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும், டாலி அதன் மீது சாய, இழுதண்டிலுள்ள உந்து தண்டு அமுங்கிப் பிரேக்கைப் பற்றச் செய்யும்.

பிரேக் உள்ளதாயினும் வேகம் அளவோடு இருத்தல் வேண்டும். அமெரிக்க வாடகை நிறுவனங்களின் குறிப்பில் காணும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். அதாவது சுமார் 88 கிலோமீட்டர். அது அகன்ற நெடுஞ்சாலைக்கு உரியது.

மலைச்சாலை இறக்கம்

அரிசோனாவின் பிளாக்ஸ்டாப் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஃபீனிக்ஸ் நகரமோ 330 மீட்டரில் உள்ளது. மேற்கூறிய 3,850 கிலோகிராம் ஒவ்வொரு 100 மீட்டர் இறங்கும்போதும் வெளிப்படும் ஆற்றல், சுமார் 12 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். முழு இறக்கத்திற்கு இது 200 லிட்டருக்கு மேலாகும். இதில் ஒரு பகுதி காற்றின் தடையிலும் டயர்களின் உருளலிலும் செலவாகின்றது. எஞ்சியது பிரேக்குகளில் வெப்பமாகும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். ஆதலின் இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினின் தடையையே முதன்மையாக நம்பி இறங்க வேண்டும். நீலகிரியிலும் இமயமலைச் சாலைகளிலும் இவ்விதியே பொருந்தும்.

திருப்பமும் பின்னோட்டமும்

வளைவில் டாலியின் சக்கரங்கள் இழுக்கும் வண்டியின் சக்கரத்தடத்திற்கு உட்புறமாகவும், பிக்கப்பின் பின் சக்கரங்கள் அதற்கும் உட்புறமாகவும் செல்லும். ஆகவே முனையை அகன்று சுற்றித் திரும்ப வேண்டும். பின்னோக்கிச் செலுத்துதல் கூடாது. தட்டு திரும்பும் டாலியில் இழுகுண்டு ஒன்று, நடுமுளை ஒன்று என மடியும் இடங்கள் இரண்டாதலின், பின்னே தள்ளியதும் அவை மடங்கி, இழுதண்டு வண்டியின் மீது மோதும். எனவே நிறுத்துமிடத்தைத் தேரும்போதே முன்னோக்கி வெளியேற வழியுண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

பின் சக்கரங்கள்

நீண்ட காலம் நின்ற வண்டியின் டயர், பூவேலை தேயாமல் புதிது போல் தோன்றலாம். ஆயினும் வயதால் ரப்பர் இறுகிப் பக்கங்களில் வெடிப்புக் கண்டிருந்தால் அது நெடுந்தூரத்திற்கு உதவாது. பிரேக் கட்டைகள் டிரம்மோடு ஒட்டியிருப்பதும் உண்டு. புறப்படுமுன் பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தல் தக்கது. வழியில் நிற்கும்போதெல்லாம் சக்கர மையத்தின் அருகே புறங்கையைக் கொண்டு சென்று வெப்பத்தை உணரலாம். ஒன்று மற்றதைவிட மிகுதியாகச் சுடுமாயின், பேரிங்கோ பிரேக்கோ இடர்ப்படுகின்றது என அறிக.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள், இழுக்கப்படும் வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் பெற்றவர் அமர்ந்திருக்க வேண்டும், அல்லது திருப்பும் சக்கரங்கள் தக்க சாதனத்தால் தரையினின்று உறுதியாக உயர்த்தப்பட்டிருக்க வேண்டும் எனக் கூறின. இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. வண்டியின் பின்புறம் வெள்ளைப் பரப்பில் 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்துகளில் 'ஆன் டோ' எனக் குறிக்க வேண்டும் என்பனவும் அவற்றில் இருந்தன. 2017இல் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இவற்றின் இடத்தைப் பெற்றன. அலுவலக வண்டியை இழுக்க நேரும் ஊழியர் நடப்பிலுள்ள விதியைப் படித்தறிதல் கடமையாகும். பழுதுற்ற வண்டியை அருகிலுள்ள பட்டறைக்குச் சேர்ப்பதே இவ்விதிகளின் நோக்கம். மாநிலம் கடந்து செல்ல வேண்டிய வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புவதே இங்கு பொருத்தமான வழி.

வகுப்பறைக்கு இரு சோதனைகள்

எண்ணெய் தெளிக்கும் முறையைக் காட்ட, இரண்டு நூற்கண்டுக் கட்டைகள் போதும். ஒன்றின் விளிம்பு தட்டிலுள்ள நீரில் தோயுமாறும், மற்றது அதன் மேல் ஒட்டி நிற்குமாறும், இரண்டின் துளைகளிலும் பென்சில்களைச் செருகித் தாங்க வேண்டும். கீழ்க்கட்டையைச் சுழற்றினால் மேற்கட்டையும் சுழன்று நனையும். கட்டைகளை அசைக்காமல் மேலுள்ள பென்சிலை மட்டும் சுழற்றினால் நீர் ஏறாது. பென்சில் உலர்ந்த துளையில் உரசிக்கொண்டே சுழலும். இழுக்கப்படும் வண்டியின் கியர்ப் பெட்டியில் நிகழ்வது இதுவே.

பின்னோட்டத்தின் இயல்பைக் காட்ட, மூன்று மரச்சட்டங்களை ஆணிகளால் தளர இணைத்து மேசையில் வைக்க வேண்டும். முன்முனையைப் பிடித்து இழுத்தால் மூன்றும் நேராகும். அதே முனையைப் பின்னோக்கித் தள்ளினால் மூட்டுகள் மடங்கும். தள்ளும் விசையில் சிறு கோணமும் பெருகுவதையும், இழுக்கும் விசையில் அது தானே குறைவதையும் மாணவர் கண்ணால் காண்பர்.

புறப்படுமுன் பார்க்க வேண்டுவன

1. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழற்றப்பட்டு, துளை அடைக்கப்பட்டுள்ளதா?
2. டிஃபரன்ஷியலில் எண்ணெய் உரிய அளவில் உள்ளதா?
3. குண்டும் கிண்ணமும் ஒரே அளவா? சங்கிலிகள் குறுக்காக மாட்டப்பட்டனவா?
4. டயர்ப் பட்டைகள் இறுகியுள்ளனவா? ஸ்டியரிங் டாலியின் வகைக்கேற்ப உள்ளதா?
5. சரக்குத் தொட்டி காலியாக உள்ளதா? கைப்பிரேக் விடுவிக்கப்பட்டதா?
6. பிக்கப்பின் பின்புறம் நிறுத்தும் விளக்கும் திருப்பு விளக்கும் இணைக்கப்பட்டு எரிகின்றனவா?
7. இழுக்கப்படும் வண்டிக்குள் யாரும் அமரவில்லை என்பது உறுதியா?
8. மரக்கட்டைகள் எடுத்து வைக்கப்பட்டனவா?

சேருமிடம் சேர்ந்தபின், டாலியின் பட்டைகளை அவிழ்க்குமுன் பின் சக்கரங்களுக்கு மரக்கட்டைகளை வைத்தல் முதல் வேலை. தண்டைப் பழைய குறியின்படி பூட்டி, கியர்ப் பெட்டியில் குறைந்த எண்ணெயை நிரப்பிய பின்னரே கட்டைகளை எடுத்தல் வேண்டும்.